பையைத் திறப்பதற்கு முந்தைய நிமிடம்

வணக்கம் நேயர்களே. ஒருவரைப் பிடித்தார்கள், அவர் சட்டைப்பையில் போதைப்பொருள் இருந்தது என்று செய்தியில் கேட்டதுமே ‘சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறார்கள்’ என்று சொல்லிவிடுகிறோம். சட்டம் படிக்க வரும் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் வருடக்கணக்காக அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பையில் என்ன கிடைத்தது என்பது வேறு விஷயம். ஆள் மேல் கை வைப்பதற்கு முன்னால் அந்த அதிகாரிக்கு என்ன தெரியும்? கேள்வி அது ஒன்றுதான்.

நியாயமில்லாத சோதனையையும் கைதையும் தடுக்கிற அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தத்தில் இதற்கு அடிப்படை இருக்கிறது. வாரண்ட் இல்லாமல் பொது இடத்தில் ஒருவரைக் கைது செய்யலாம், ஆனால் அதற்குப் போதிய முகாந்திரம், அதாவது அவர் குற்றம் செய்திருக்கிறார் என்று நம்ப நியாயமான காரணம், வேண்டும். குற்றத்தை நிரூபிக்கும் அளவுக்கு ஆதாரம் தேவையில்லை, வெறும் சந்தேகமும் போதாது. முகாந்திரம் இல்லை என்றால், அந்தக் கைதில் கிடைத்த பொருளைப் பொதுவாகச் சாட்சியமாகக் காட்ட முடியாது. மேல்முறையீட்டில் வக்கீல்கள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

எனக்குப் பிடித்த வழக்கு ஒன்றைச் சொல்கிறேன். 1956 செப்டம்பர், டென்வர் ரயில் நிலையம். ஆறு மாதமாகத் துப்பு கொடுத்து வந்த ஒரு ஆள், டிரேப்பர் என்பவர் சிகாகோ போயிருக்கிறார், 8 அல்லது 9ஆம் தேதி காலை ரயிலில் மூன்று அவுன்ஸ் ஹெராயினோடு திரும்புவார் என்று போதைத் தடுப்பு அதிகாரியிடம் சொல்கிறார். உயரம், எடை, வெளிர் நிற மழைக்கோட்டு, பழுப்பு பேன்ட், கறுப்பு ஷூ, கையில் ஜிப் வைத்த பை, எல்லாம் சொல்கிறார். அப்புறம் இன்னொன்று, அந்த ஆள் ரொம்ப வேகமாக நடப்பார் என்கிறார். 8ஆம் தேதி யாரும் வரவில்லை. 9ஆம் தேதி அதே உடுப்பில், அதே பையோடு, விறுவிறுவென்று ஒருவர் வாசலை நோக்கி நடக்கிறார். கைது செய்தார்கள், ஹெராயினும் இருந்தது. துப்புக் கொடுத்தவரோ நான்கே நாளில் இறந்துபோனார், அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியே இல்லை.

1959 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கைது செல்லும் என்றது. சொன்னதெல்லாம் கண் முன்னால் சரியாக இருக்கும்போது, மீதியிருந்த ஹெராயின் விஷயமும் சரியாக இருக்கும் என்று அதிகாரி நம்பியதில் தவறில்லை என்றது. நீதிபதி டக்ளஸ் மட்டும் மறுத்தார். நான் அவர் பக்கம். கோட்டும் நடையும் டிரேப்பரை ரயில் ஏற்றிவிட்ட யாருக்கும் தெரிந்திருக்குமே, அதில் குற்றம் எங்கே இருக்கிறது? ஆனால் கவனியுங்கள், இரண்டு தரப்பும் வாதாடியது கைதுக்கு முந்தைய நிமிடத்தைப் பற்றித்தான்.

அதே வருடம் நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. சிகாகோவில் விஸ்கி திருட்டை விசாரித்துக்கொண்டிருந்த எஃப்.பி.ஐ. ஆட்கள், இரண்டு பேர் காரில் அட்டைப்பெட்டி ஏற்றுவதைப் பார்த்துக் காரை மறித்தார்கள். பெட்டியில் இருந்தவை திருட்டு ரேடியோக்கள். திருட்டுப் பொருள்தான், யாரும் மறுக்கவில்லை. ஆனாலும் தண்டனை ரத்தானது. காரில் பெட்டி ஏற்றுவது யாரும் செய்கிற காரியம், பின்னால் கிடைத்ததை வைத்து முன்னால் நடந்த கைதை நியாயப்படுத்த முடியாது என்று எழுதினார்கள். எழுதியவர் அதே டக்ளஸ்! திரும்பவும் சொல்கிறேன், பின்னால் கிடைத்தது கணக்கில் வராது.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். காரில் மூன்று பேர் இருந்து, போதைப்பொருள் யாருடையது என்று ஒருவரும் வாய் திறக்காவிட்டால் மூவரையுமே பிடிக்கலாமா என்ற 2003ஆம் ஆண்டு பிரிங்கிள் வழக்கை விரிவாகச் சொல்ல நினைத்தேன். அந்த வழக்கில் பிடித்தது சரி என்றது நீதிமன்றம், காரணம் சொல்ல இப்போது நேரமில்லை. மேல்முறையீட்டுக்கு முக்கியமானது 1996ஆம் ஆண்டு ஓர்னெலாஸ் தீர்ப்பு. என்ன நடந்தது என்பதில் கீழ்நீதிமன்றம் கண்டதைப் பெரும்பாலும் ஏற்க வேண்டும், ஆனால் அது முகாந்திரம் ஆகுமா என்பதை மேல்நீதிமன்றம் தானே புதிதாக எடைபோட வேண்டும் என்று அது சொல்கிறது. நன்றி, வணக்கம்.