கோதுமை கேட்கப் போன கப்பல்காரர்

(கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் வணிகர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

அறுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்புறம் மூன்று கல் கூட்டி அடுப்பு வைத்திருப்பார்கள். மதியம் மணி அடிப்பதற்கு முன்பே மஞ்சள் நிற உப்புமாவின் வாசனை வகுப்புக்குள் வந்துவிடும். வட்டிலை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் கணக்குப் போடுவோம். கண் கணக்கில் இருக்காது. மாவு வந்த மூட்டையிலும் எண்ணெய் வந்த தகரத்திலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் அச்சிட்டிருக்கும். இந்தக் கூடத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் தலையசைப்பது எனக்குத் தெரிகிறது. வடகரப்பதி, எருத்தேம்பதி, இங்கே கொழிஞ்சாம்பாறை, எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கை அமெரிக்காவுடையது என்று ஆசிரியர் சொன்னார். மற்றொரு கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. பசி நேரத்தில் யார் கேட்பார்கள்? பல ஆண்டுகள் கழித்து அரிசி வியாபாரத்துக்கு வந்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. தேடிப் படித்தபோது கிடைத்த பெயர்களில் ஒன்று ககன்விஹாரி லல்லுபாய் மேத்தா. கப்பல் கம்பெனியில் அதிகாரியாக இருந்து, 1952இல் அமெரிக்காவுக்கு இந்தியத் தூதராகப் போனவர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கப்பல் என்றதும் நமக்கு வ. உ. சிதம்பரனார்தான் நினைவுக்கு வருவார், வரவும் வேண்டும். 1906இல் தூத்துக்குடியில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில், பங்கு ஒன்று 25 ரூபாய் என்று வைத்து, சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். எதிரே நின்றது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இலவசமாக ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுப்பதாகச் சொன்னது. சிதம்பரனாரைச் சிறையில் தள்ளினார்கள். கோவையில் செக்கிழுத்தவர், 1912இல் நம் கேரளத்துக் கண்ணூர்ச் சிறையிலிருந்துதான் வெளியே வந்தார். அதற்குள் கம்பெனி கலைக்கப்பட்டிருந்தது.

அவர் விட்ட இடத்தில், 1919இல் பம்பாயில் வாலசந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலானோர் சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் தேதி அவர்களுடைய 'லாயல்ட்டி' கப்பல் லண்டனுக்குப் புறப்பட்டது. இன்றும் அந்த நாளைத்தான் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் லல்லுபாய் சாமல்தாஸ். அவருடைய மகன்தான் ககன்விஹாரி.

பணக்கார வீட்டுப் பிள்ளை, தந்தையின் கம்பெனி, ஆகவே பெரிய நாற்காலி என்று எளிதாக நினைத்துவிடக் கூடாது. 1900இல் பிறந்தவர், பம்பாயிலும் லண்டனிலும் படித்தார், திரும்பி வந்து 'பாம்பே கிரானிக்கிள்' நாளிதழில் வேலை பார்த்தார். பிறகுதான் சிந்தியாவில் சேர்ந்தார். கல்கத்தா அலுவலகத்தை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடத்தினார். அந்த இருபது ஆண்டும், தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஒருவனோடு ஒரே கடலில் தொழில் செய்வது எப்படி என்பதைக் கற்றுக்கொண்ட ஆண்டுகள். சிந்தியாவை ஒழிக்க வெள்ளைக்காரக் கம்பெனிகள் அதே கட்டணப் போரைத்தான் நடத்தின. 1923இல் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றில் சிந்தியா கையெழுத்திட வேண்டியதாயிற்று. எத்தனை டன் கப்பல் வைத்துக்கொள்ளலாம் என்பதற்குக்கூட அதில் வரம்பு. மானமிழந்த ஒப்பந்தம் என்று அன்றே பலர் ஏசினார்கள். ஆனால் கம்பெனி உயிரோடு இருந்தது. உயிரோடு இருந்ததால்தான் பிறகு விசாகப்பட்டினத்தில் கப்பல் கட்டும் தளம் அமைத்து, 1948இல் 'ஜல உஷா'வைக் கடலில் இறக்க முடிந்தது.

இதில் நமக்கும் பங்குண்டு. கொச்சியும் திருவிதாங்கூரும் அன்று தின்ற சோற்றில் பெரும்பகுதி பர்மா அரிசி. ரங்கூனிலிருந்து நம் துறைமுகங்களுக்கு அரிசி ஏற்றி வந்த கப்பல்களில் சிந்தியாவின் கப்பல்களும் உண்டு. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. நம் பாட்டிமார் கிழங்கை அவித்துத் தின்று பிள்ளைகளைக் காத்த காலம் அது. சித்தூர்த் தாலுகா அன்று கொச்சி ராஜ்ஜியத்தில் இருந்தது; இங்கும் அந்தப் பஞ்சத்தின் கதை வீட்டுக்கு வீடு உண்டு. கப்பல் நின்றால் உலை கொதிக்காது என்பது மேத்தாவுக்குத் தொழிலில் தெரிந்த உண்மை.

அதே 1942இல் இந்திய வர்த்தகத் தொழிற்கூட்டமைப்பின் தலைவராக இருந்தார். விடுதலைக்குப் பின் சுங்கவரி வாரியத் தலைவர். 1950இல் திட்டக் கமிஷன் அமைந்தபோது அதன் முதல் உறுப்பினர்களில் ஒருவர். அங்கிருந்து வாஷிங்டன்.

நான் விரிவாகச் சொல்ல விரும்புவது அந்த ஆறு ஆண்டுகளைத்தான். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் மிகக் கசப்பான காலம் அது. 1954இல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ஆயுதம் கொடுக்க முடிவு செய்தது. 1955இல் வெளியுறவு அமைச்சர் டல்லஸ், கோவாவைப் போர்த்துக்கல்லின் மாகாணம் என்று குறிப்பிட்ட கூட்டறிக்கையில் கையொப்பமிட்டார். மறு ஆண்டு, நடுநிலை என்பதே ஒழுக்கக்கேடான கொள்கை என்ற பொருளில் பேசினார். அந்த வாஷிங்டனில்தான் நம் தூதர் நேருவின் நடுநிலைக் கொள்கையையும் விட்டுக்கொடுக்காமல், கோதுமையும் கடனும் கேட்டாக வேண்டும்.

கேட்கும்போது எதிராளி என்ன கேட்பான் என்பது நம் வணிகர்களுக்குத் தெரியும். 1951இல், மேத்தா போவதற்கு முன்பு, இந்தியாவுக்கு 19 கோடி டாலர் கோதுமைக் கடன் கொடுப்பது பற்றிப் பேச்சு நடந்தது. கோதுமைக்கு ஈடாக மோனசைட் மணலைத் தரச் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் காங்கிரஸில் சிலர் பிடித்துக்கொண்டார்கள். அது எந்த ஊர் மணல்? சவரையிலும் மணவாளக்குறிச்சியிலும் அலை கொண்டுவந்து கொட்டுகிற கருமணல்! அதில் தோரியம் இருக்கிறது. தோரியம் அணுசக்திக்கு உதவும். கொல்லத்துக் கடற்கரை மீனவர் காலில் மிதித்த மண்ணுக்காக உலகத்தின் மறுகோடியில் பேரம் நடந்தது.

மேத்தா போன பிறகு, 1953இல், அந்தச் சிக்கல் வேறு உருவில் வந்தது. இந்தியா சிறிதளவு தோரியம் நைட்ரேட்டைச் சீனாவுக்கு விற்றது. சீனாவுக்கு அப்படிப்பட்ட பொருளை விற்கும் நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். யாருக்கு விற்பது என்பதை எங்கள் நாடுதான் தீர்மானிக்கும் என்றார் நேரு. உதவி வேண்டாம் என்றும் நம்மால் சொல்ல முடியாது, உத்தரவுக்குக் கட்டுப்படுகிறோம் என்றும் சொல்ல முடியாது. தில்லியும் வாஷிங்டனும் பேசிப் பேசி, இரண்டு பக்கமும் முகம் கெடாமல் ஒரு வழி கண்டார்கள், உதவியும் நிற்கவில்லை. இடையில் நின்று சொல் சுமந்தவர் நம் கப்பல்காரர். 1923 ஒப்பந்தத்தின் நிழலில் தொழில் பழகியவருக்கு, எதை விட்டுக்கொடுத்தால் கம்பெனி பிழைக்கும், எதை விட்டால் கம்பெனியே இல்லாமல் போகும் என்ற கணக்கு கைவந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

1954இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 480 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அவர்கள் கிடங்குகளில் விற்காத தானியம் குவிந்து கிடந்தது. நம்மிடம் டாலர் இல்லை. ரூபாயில் விலை கொடுத்தால் போதும், அந்த ரூபாயிலும் பெரும்பகுதியை இந்தியாவிலேயே வளர்ச்சிப் பணிகளுக்குக் கடனாகத் திருப்பித் தருகிறோம் என்பதுதான் ஏற்பாடு. முதல் ஒப்பந்தம் 1956 ஆகஸ்டில் தில்லியில் கையெழுத்தானது. சுமார் 36 கோடி டாலர் மதிப்பு. இதைத் தானம் என்று சிலர் சொன்னார்கள். மண்டி வைத்திருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். சரக்கு தேங்கிப்போன வியாபாரியும் கையில் காசில்லாத வாடிக்கையாளரும் செய்துகொள்கிற ஏற்பாடு தானமா? நம் பள்ளி உப்புமாவும் அதே சட்டத்தின் வழியாக வந்ததுதான். அது மட்டும் இலவசம்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். மலிவாக வந்த கோதுமை நம் விவசாயிக்குக் கிடைக்க வேண்டிய விலையைத் தடுத்தது என்று பொருளாதாரம் தெரிந்தவர்கள் குற்றம் சாட்டியிருக்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. 1966 வாக்கில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கப்பல் கப்பலாக அளந்து அனுப்பி நம்மைக் காக்க வைத்தார். அப்போது மேத்தா வாஷிங்டனில் இல்லை. ஆனால் அந்தப் பாதை அவர் காலத்தில் போடப்பட்டது.

இப்போது ஹூஸ்டன். 1955 ஆகஸ்ட். டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் விமான நிலைய உணவகத்தில் இந்தியத் தூதர் போய் அமர்ந்தார். வெள்ளையர் உட்காரும் பகுதி இது, எழுந்து வேறிடம் போங்கள் என்றார்கள். அவர் நிறத்தைப் பார்த்தார்கள்; வேறெதையும் பார்க்கவில்லை. செய்தி பரவியதும் டல்லஸே மன்னிப்புக் கேட்டுத் தந்தி அடித்தார். மறு ஆண்டே நடுநிலையைப் பழித்துப் பேசவிருந்தவர், இந்த ஒரு மேசைக்காக இந்தியா கைவிட்டுப் போய்விடுமோ என்று பதறினார். ஆனால் அதே உணவகத்தில் அன்றாடம் திருப்பி அனுப்பப்பட்ட டெக்சாஸ் கறுப்பின மக்களுக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோபம் அமெரிக்கா மீது மட்டும் இல்லை. இங்கிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் கல்பாத்தி அக்ரஹாரம் இருக்கிறது. 1924இல் தேர்த் திருவிழாவின்போது அந்தத் தெருவில் நடந்ததற்காக, தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்டிருந்த ஈழவர் சாதியினர் அடிக்கப்பட்டார்கள். பொதுத் தெரு அது! நம் கிழக்குப் பஞ்சாயத்துகளின் தேநீர்க் கடைகளில் சக்கிலியர் சமூகத்து உழைப்பாளிக்குத் தனிக் குவளை வைத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று நான் சிறுவன், எதுவும் சொல்லவில்லை. பெரியவனான பிறகும் கொஞ்ச காலம் சொல்லவில்லை. மேத்தாவுக்காகக் கொதிக்கிற நம் நெஞ்சு அந்தக் குவளைக்காகவும் கொதித்திருக்க வேண்டும். மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

1957இல் நாட்டின் அந்நியச் செலாவணி கரைந்துபோனபோது, நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக வாஷிங்டன் போனார். அவரும் வியாபாரத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளில் போடப்பட்ட விவகாரத்தில், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். அதை விசாரித்த நீதிபதி சாக்ளாதான், மேத்தாவுக்குப் பின் வாஷிங்டன் தூதரானார்.

ஊர் திரும்பிய மேத்தா ஐசிஐசிஐ நிறுவனத்தின் தலைவரானார். இன்று நீங்கள் வங்கியாக அறிந்திருக்கும் அந்தப் பெயர், 1955இல் தொழில்களுக்கு நீண்ட காலக் கடன் தரத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் பெயர். அதன் முதல் தலைவர் நம் ஆற்காடு இராமசாமி முதலியார், இரண்டாமவர் மேத்தா. 1959இல் பத்ம விபூஷண் கிடைத்தது. 1974இல் காலமானார். வெளிநாட்டில் கடன் கேட்டு நின்றவர், கடைசிக் காலத்தில் உள்நாட்டுத் தொழில்களுக்குக் கடன் கொடுக்கிற நாற்காலியில் இருந்தார். கேட்பவன் மனம் தெரிந்தவன் கொடுக்கும்போது எப்படிக் கொடுத்திருப்பான் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

என் நேரம் முடிந்துவிட்டது. 1964க்குப் பிறகு மாநிலம் விட்டு மாநிலம் அரிசி கொண்டுபோகத் தடை இருந்தபோது, தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் இரண்டு படி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு செக்போஸ்ட்டைக் கடந்த தாய்மார்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். பிடிபட்டவர்களும் இருக்கிறார்கள். இனி ஒலிபெருக்கியை அவர்களிடம் கொடுங்கள்.