பிராக் நகரை நடந்தே காண்போம்

[காட்சி: பழைய நகரச் சதுக்கம், காலை நேரம்]

வணக்கம். செக் குடியரசின் தலைநகரான பிராக் நகருக்கு முதன்முறையாகச் செல்வோர், பழைய நகரச் சதுக்கத்தில் தொடங்கி, வல்டாவா ஆற்றைக் கடந்து, எதிர்க்கரைக் குன்றின்மேல் உள்ள கோட்டை வரை நடந்தாலே அதன் வரலாற்றின் பெரும்பகுதியைக் கண்டுவிடலாம்.

[காட்சி: கடிகாரத்தின் முகப்பு]

சதுக்கத்தில், பழைய நகர மண்டபத்தின் சுவரில், 1410ஆம் ஆண்டைச் சேர்ந்த வானியல் கடிகாரம் இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் எலும்புக்கூட்டு உருவம் மணியடிக்க, மேலுள்ள சன்னல்களில் இயேசுவின் சீடர்கள் தோன்றி மறைவார்கள். அந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட நீடிக்காது. கூட்டமும் உடனே கலைந்துவிடும். அதன் பிறகு அருகில் சென்று முகப்பைப் பொறுமையாகப் பாருங்கள், ஏனெனில் இக்கடிகாரத்தின் உண்மையான அருமை அங்கேதான் இருக்கிறது. வெளிவளையம், சூரியன் மறையும்போது ஒரு நாள் முடிவதாகக் கொண்ட பழைய செக் நேரத்தைக் காட்டுகிறது. உள்ளே வளைந்து செல்லும் பொற்கோடுகள் பகற்பொழுதை 12 பங்குகளாகப் பிரிப்பதால், ஒரு பங்கின் அளவு கோடையில் நீண்டும் குளிர்காலத்தில் குறுகியும் அமைகிறது. ராசி வளையமும் உண்டு. ஆனால் அது, பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளையே மேஷத்தின் தொடக்கமாகக் கொள்ளும் சாயன முறையைப் பின்பற்றுவதால், நமது பஞ்சாங்கத்தைவிட ஏறத்தாழ 24 நாட்கள் முன்னதாகவே சூரியனை அடுத்த ராசியில் காட்டும்.

[காட்சி: பிங்காஸ் யூதத் தொழுகைக்கூடம்]

அருகிலுள்ள யோசெபோவ் யூதர் குடியிருப்புப் பகுதியைத் தவிர்த்துவிடாதீர்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட ஏறத்தாழ 78,000 யூதர்களின் பெயர்கள் பிங்காஸ் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் கையால் எழுதப்பட்டுள்ளன. அங்கே படம் எடுப்பதைவிடச் சில பெயர்களையாவது நின்று படிப்பதே தகும். சனிக்கிழமைகளில் இது மூடியிருக்கும்.

[காட்சி: விடியற்காலையில் சார்லஸ் பாலம்]

அடுத்து, வல்டாவா ஆற்றைக் கடக்கும் சார்லஸ் பாலம். 1342ஆம் ஆண்டு வெள்ளத்தில் பழைய பாலம் இடிந்ததால், புனித ரோமானியப் பேரரசர் நான்காம் சார்லஸ் 1357இல் இப்பாலத்துக்கு அடிக்கல் நாட்டினார். 516 மீட்டர் நீளமுள்ள இதன் இருபுறமும் அமைந்த 30 சிலைத் தொகுதிகளில் பெரும்பாலானவை இன்று நகல்களே. நண்பகல் நெரிசலில் சிலைகளை நின்று பார்ப்பது கடினம் என்பதால், இங்கு மட்டும் ஒருமுறை விடியற்காலையில் வருவது நல்லது.

[காட்சி: கோட்டையும் பேராலயமும்]

குன்றேற இயலாதோர் கோட்டைக்கு 22ஆம் எண் டிராமில் செல்லலாம். கோட்டை முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை. ஆனால் புனித வீட்டஸ் பேராலயத்தின் உட்புறத்தை முழுமையாகக் காணச் சீட்டு வேண்டும். 1344இல் தொடங்கிய அதன் கட்டுமானம், போர்களாலும் பணத்தட்டுப்பாட்டாலும் பலமுறை தடைப்பட்டு, 1929இல்தான் நிறைவுற்றது. அதே சீட்டில், கோட்டைக்குள் குறுவீடுகள் வரிசையாக அமைந்த பொற்சந்துக்கும் செல்லலாம். அங்கே 22ஆம் எண் குறுவீட்டில் எழுத்தாளர் பிரான்ஸ் காஃப்கா 1916, 1917ஆம் ஆண்டுகளில் அமர்ந்து எழுதினார்.

மாலையில் நேரமிருந்தால் எஸ்டேட்ஸ் அரங்குக்குச் செல்லுங்கள். இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் ‘டான் ஜியோவானி’ என்னும் இசை நாடகம் 1787 அக்டோபர் 29 அன்று முதன்முதலாக அரங்கேறிய அதே கட்டடத்தில் இன்றும் இசை நாடகங்கள் நடைபெறுகின்றன. சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.