லிபெரெட்ஸில் ஒரு பதக்கமும் இல்லை

எல்லோருக்கும் வணக்கம்.

குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கம் வாங்கிய ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆனால் பதக்கத்திலிருந்து தொடங்கப் போவதில்லை. 2009ஆம் வருஷம், செக் நாட்டில் லிபெரெட்ஸ் என்ற ஊரில் பனிச்சறுக்கு உலகச் சாம்பியன் போட்டி நடந்தது, அப்போது அந்தப் பெண்ணுக்கு, நார்வே வீராங்கனை மாரிட் பியோர்கெனுக்கு, வயது 28. நாலு வருஷம் முன்னால்தான் ஜெர்மனியின் ஓபெர்ஸ்ட்டோர்ஃபில் இதே போட்டியில் மூன்று தங்கம் உட்பட ஐந்து பதக்கம் அள்ளியவர். லிபெரெட்ஸிலிருந்து வெறுங்கையோடு ஊர் திரும்பினார், ஒரு வெண்கலம்கூட இல்லை. எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இது என்ன விளையாட்டு என்று பார்த்துவிடலாம். பனிச்சறுக்கு என்றதும் மலை உச்சியிலிருந்து சர்ரென்று இறங்குவதுதான் நம் கண்ணுக்குத் தெரியும். இது அது இல்லை. இது நெடுந்தூரப் பனிச்சறுக்கு. காலணியின் முன்பக்கம் மட்டும் சறுக்குப் பலகையில் மாட்டியிருக்கும், குதிகால் தூக்க வரும், கையில் இரண்டு கோல், காட்டுக்குள் பத்து கிலோமீட்டர், முப்பது கிலோமீட்டர் என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும், பாதையில் ஏற்றமும் நிறைய. இதிலும் இரண்டு பாணி உண்டு. கிளாசிக் என்றால் பனியில் போட்டு வைத்த இரட்டைத் தடத்தில் கால்களை நேராக முன்னும் பின்னுமாக வீசிப் போவது, மற்றது ஸ்கேட்டிங் மாதிரி பக்கவாட்டில் உதைத்துப் போவது. அப்புறம் மெழுகு. கிளாசிக் பலகையின் அடியில், கால் மிதிக்கிற இடத்தில் பனியைக் கொஞ்சம் பிடிக்கிற மெழுகு, மற்ற இடத்தில் வழுக்குகிற மெழுகு, அதுவும் அன்றைய பனியின் ஈரத்துக்கும் குளிருக்கும் ஏற்ற மாதிரி. தப்பான மெழுகு பூசினால் உலகச் சாம்பியனும் ஏற்றத்தில் பின்னால் வழுக்குவார். நார்வேயில் இது வீட்டுக்கு வீடு நடக்கிற சமாச்சாரம், அதனால் தேசிய அணிக்காரர் தோற்றால் ஊரே காரணம் சொல்லும்.

பியோர்கென் நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரத்துக்குத் தெற்கே ரோக்னெஸ் என்ற சின்ன ஊரில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். தோளும் கையும் அசாத்திய பலம், கோலை ஊன்றித் தள்ளும்போது அது தெரியும். 2003இல் இத்தாலியின் வால் டி ஃபியெம்மேயில் ஸ்பிரிண்ட் என்கிற குறுந்தூரப் போட்டியில் உலகச் சாம்பியன், 2005, 2006 இரண்டு பருவங்களிலும், பருவம் முழுக்க நடக்கிற தொடரான உலகக் கோப்பை. 2006 டுரின் ஒலிம்பிக்குக்கு அவர் கிளம்பியபோது எத்தனை தங்கம் என்பதுதான் பேச்சாக இருந்தது. கிடைத்தது ஒரே ஒரு வெள்ளி. உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அங்கிருந்து சரிவு, 2007இல் ஜப்பானின் சப்போரோவில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் வெண்கலத்தோடு சரி, 2009 லிபெரெட்ஸில் அதுவும் இல்லை.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். ஏற்கெனவே உலகச் சாம்பியனாக இருந்த ஒருவர் மூன்று நாலு வருஷம் தோற்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும், ஒன்று விட்டுவிடுவார், இல்லையென்றால் வெறி பிடித்தமாதிரி உடம்பை வருத்தி இன்னும் கெடுத்துக்கொள்வார். பியோர்கென் இரண்டையும் செய்யவில்லை. அவருடைய பயிற்சிக் குறிப்பேடுகளை நார்வே ஆய்வாளர்கள் பின்னாளில் எடுத்து ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள், அதைப் படித்தபோது நான் அசந்து போனேன். இருபது வயதில் வருஷத்துக்கு ஏறக்குறைய 520 மணி நேரம் பயிற்சி செய்தவர், 35 வயதில் 940 மணி நேரத்தைத் தொட்டிருக்கிறார். வாரத்துக்குச் சராசரியாகப் பதினெட்டு மணி நேரம். கோடையில் சக்கரம் வைத்த பலகை, ஓட்டம், மலையேற்றம். ஆனால் அவர் உச்சத்தில் இருந்த வருஷங்களில் தாங்குதிறன் பயிற்சியில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மெதுவானதுதான்! பக்கத்தில் ஆள் இருந்தால் பேசிக்கொண்டே போகலாம், அந்த வேகம். மூச்சு முட்ட ஓடுவது கொஞ்சம்தான், அதைச் செய்கிற நாளில் முழுமூச்சாகச் செய்திருக்கிறார். வேகமாக ஓடுவதற்காக மெதுவாகப் பல்லாயிரம் மணி நேரம் ஓடுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று யோசித்துப் பாருங்கள், அதுவும் லிபெரெட்ஸுக்குப் பிறகு.

சரி, 2010 வான்கூவர். இது அவருக்கு மூன்றாவது ஒலிம்பிக், வயது 29, கையில் இதுவரை ஒலிம்பிக் தங்கம் இல்லை. முதல் போட்டியில் வெண்கலம். இரண்டு நாள் கழித்து, பிப்ரவரி 17, கிளாசிக் ஸ்பிரிண்ட். அன்றைக்கு நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்லோவேனியாவின் பெத்ரா மைதிச் காலையில் பாதையைப் பழகிப் பார்க்கும்போது ஒரு வளைவில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்தார், விலா எலும்புகள் முறிந்தன, அந்த உடம்போடு தகுதிச் சுற்றிலிருந்து இறுதிச் சுற்று வரை நாலு முறை ஓடி வெண்கலம் வாங்கினார். நுரையீரல் பாதிக்கப்பட்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த மேடையில் மைதிச்சுக்குப் பக்கத்தில் வெள்ளியோடு போலந்தின் யுஸ்தினா கோவல்சிக், நடுவில் முதல் தங்கத்தோடு பியோர்கென். அப்புறம் பாதி கிளாசிக்கிலும் பாதி ஸ்கேட்டிங்கிலும் ஓடுகிற பர்சூட்டில் தங்கம், ரிலே தங்கம். கடைசியாக முப்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம் ஓடிவிட்டு கோவல்சிக்கிடம் வெறும் 0.3 வினாடியில் தோற்றார். அந்த இருவரின் போட்டி பல வருஷம் போனது. பியோர்கென் ஆஸ்துமாவுக்கு முறையான அனுமதியோடு மருந்து எடுத்துக்கொண்டார், அதைக் கோவல்சிக் வெளிப்படையாகவே குறை சொன்னார். அனுமதி வாங்கி எடுத்த மருந்தை ஏமாற்று என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை, ஆனால் இப்படி ஒரு சர்ச்சை இருந்ததை மறைக்கவும் கூடாது.

2011இல் உலகச் சாம்பியன் போட்டி சொந்த நாட்டில், ஓஸ்லோவின் ஹோல்மென்கொல்லெனில். நாலு தங்கம், ஒரு வெள்ளி. அந்த வெள்ளியும் சக நாட்டுக்காரர் தெரேசே யோஹாவ்கிடம் தோற்று வந்தது.

2014 சோச்சியில் நடந்ததை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும். ஒலிம்பிக் தொடங்கும் நேரத்தில் அணித்தோழி ஒருவரின் சகோதரர் இறந்துவிட்டார். மறுநாள் ஸ்கியாத்லான், பாதி தூரம் கிளாசிக்கில் ஓடி நடுவில் பலகையை மாற்றி மீதியை ஸ்கேட்டிங்கில் முடிக்கிற போட்டி. நார்வே பெண்கள் கையில் கறுப்புப் பட்டி கட்டி ஓடினார்கள், பியோர்கென் ஜெயித்தார், பிறகு கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தக் கறுப்புப் பட்டி விதிக்கு ஒத்துவராது என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கண்டித்தது. துக்கத்துக்குக் கட்டிய துணியை அவர்கள் விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். அதன் பிறகு ஸ்பிரிண்ட் அரையிறுதியில் விழுந்தார், ரிலேயில் பலகைகள் ஓடவே இல்லை, நார்வே ஐந்தாவது இடம். ஆனாலும் மூன்று தங்கத்தோடுதான் முடித்தார்.

2015 டிசம்பர் கடைசியில் மகன் பிறந்தான். அதற்கு முந்தைய மாதங்களில் பயிற்சியைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை, பிறகு படிப்படியாகக் கூட்டினார். 36 வயதில், கைக்குழந்தையோடு, 2017இல் பின்லாந்தின் லாட்டியில் உலகச் சாம்பியன் போட்டிக்குப் போய் நாலு தங்கம்.

அடுத்த வருஷம் தென்கொரியாவின் பியோங்சாங்கில் ஒலிம்பிக். ஸ்கியாத்லானில் வெள்ளி, பத்து கிலோமீட்டரில் வெண்கலம், ரிலேயில் கடைசி ஆளாக ஓடி ஸ்வீடனின் ஸ்தினா நில்சோனை இரண்டு வினாடியில் தாண்டித் தங்கம், ஸ்பிரிண்ட் ஜோடிப் போட்டியில் வெண்கலம். அந்த வெண்கலம் அவருடைய 14ஆவது ஒலிம்பிக் பதக்கம், 13 பதக்கம் வைத்திருந்த சக நாட்டுக்காரர் பியோர்ன்டாலெனை அன்றைக்குத் தாண்டினார். ஏப்ரலில் ஓய்வை அறிவித்தபோது, இன்னொரு பருவம் ஓடுவதற்கான ஊக்கம் தன்னிடம் இல்லை என்று நேராகச் சொல்லிவிட்டார்.

அதற்கு முன், பிப்ரவரி 25, ஒலிம்பிக்கின் கடைசி நாள், முப்பது கிலோமீட்டர் கிளாசிக். வான்கூவரில் 0.3 வினாடியில் விட்ட அதே தூரம், அதே பாணி. ஒரு மணி 22 நிமிஷம் 17.6 வினாடி. கையில் நார்வே கொடியோடு வந்து கோட்டைத் தாண்டியபோது பின்னால் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை, இரண்டாவதாக வந்த பின்லாந்தின் கிறிஸ்தா பார்மகோஸ்கி கோட்டைத் தொட இன்னும் ஒரு நிமிஷம் 49.5 வினாடி இருந்தது.

நன்றி, வணக்கம்.