மூடிப் பார்த்தீர்களா? பாப்-அப் கார்டு சொல்லித் தருகிறவர்களுக்கு

வணக்கம் எல்லாருக்கும். மேசை முழுக்கத் தாள் துண்டுகள் கிடக்கின்றன, இன்னும் பெருக்கவில்லை. இப்போதுதான் 14 பேருக்கு வகுப்பு எடுத்து முடித்தேன், மனதில் இருப்பது ஆறிப்போவதற்குள் பேசிவிடலாம் என்று உடனே கேமராவை வைத்துவிட்டேன். பாப்-அப் கார்டு, அதாவது திறந்ததும் உள்ளே படம் எழுந்து நிற்கிற வாழ்த்து அட்டை, தனியாக உட்கார்ந்து செய்தால் நன்றாக வருகிறது, பத்துப் பேருக்குச் சொல்லித் தரப் போனால் மட்டும் எல்லாம் குழம்பிப் போகிறது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் இன்று கார்டு செய்வதைவிடச் சொல்லித் தருவதைப் பற்றித்தான் அதிகம் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாப்-அப் கார்டு கெடுவது திறக்கும்போது இல்லை, மூடும்போதுதான். இது எனக்கு முதல் வகுப்பிலேயே புரிந்தது, ஆனால் வகுப்பு முடிகிற நேரத்தில் புரிந்தது. அன்று அழகழகாக வெட்டிய பட்டாம்பூச்சி, வீடு, மரம் எல்லாம் தயாராகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் ஒட்டினார்கள், எல்லாம் ஜம்மென்று எழுந்து நின்றது, ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். சரி, கவருக்குள் போடுங்கள் என்றதும்தான் பார்க்கிறேன், பாதிப் பேருடைய கார்டில் படம் விளிம்பைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் சிலருக்கு மூடவே வராமல் நடுவில் கசங்குகிறது. பாட்டிக்காகச் செய்த ஒரு சின்னப் பெண், ஒன்றுமே பேசாமல் கத்தரிக்கோலை எடுத்துப் பட்டாம்பூச்சியின் இறக்கையை நறுக்கினாள். அது எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. படத்தை நிற்க வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன், கார்டு எப்படி மடங்குகிறது என்பதைச் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பின் வரிசையையே மாற்றிவிட்டேன். முதல் அரை மணி நேரம் கலர் கிடையாது, பசை கிடையாது, படம் கிடையாது. வெறும் வெள்ளைத் தாள், 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்கிற அளவு), பிரிண்டரில் போடுகிற அதே ஏ4 தாள். இதோ, பாருங்கள். பாதியாக மடிக்கிறேன், நகத்தால் நன்றாக அழுத்துகிறேன். மடித்த பக்கத்திலிருந்து உள்நோக்கி இரண்டு வெட்டு, ஒவ்வொன்றும் 3 செ.மீ. நீளம், இரண்டுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி. நடுவில் உள்ள அந்தப் பட்டையை முன்பக்கம் ஒரு தடவை மடித்து அழுத்துங்கள், பின்பக்கமும் ஒரு தடவை மடித்து அழுத்துங்கள், இதை யாரும் தவிர்க்க விடாதீர்கள், இரண்டு பக்கமும் மடிந்து பழகிய தாள்தான் சொன்ன பேச்சைக் கேட்கும். இப்போது கூடாரம் மாதிரி லேசாகத் திறந்து, விரலால் பட்டையை உள்ளே தள்ளி, தள்ளியபடியே மூடி அழுத்துகிறேன். திறந்தால், ஒரு பெட்டி.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சத்தம் வரும். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அலுக்கவில்லை. அடுத்த படிக்கு ஓடாதீர்கள், ஐந்து நிமிடம் அப்படியே விடுங்கள். பத்துத் தடவை திறந்து மூடச் சொல்லுங்கள், கண்ணைப் பெட்டியின் மேல் வைக்காமல் மடிப்பின் மேல் வைக்கச் சொல்லுங்கள். கார்டின் நடு மடிப்பு நம்மை விட்டு உள்ளே போகிறது, அதைப் பள்ள மடிப்பு என்கிறேன். பெட்டியின் மடிப்பு நம்மை நோக்கி வெளியே வருகிறது, அது மேட்டு மடிப்பு. பெட்டி கார்டோடு சேருகிற இரண்டு இடத்திலும் மறுபடி பள்ளம். பள்ளம், மேடு, பள்ளம். பென்சிலால் அந்தக் கோடுகளில் ப, மே என்று எழுதிக்கொள்ளச் சொன்னால் பெரியவர்கள்கூட அதற்குப் பிறகு தடுமாறுவதில்லை.

அப்புறம் அளவு. கணக்கு என்றதும் முகம் சுருங்குகிறவர்கள் எல்லா வகுப்பிலும் இருப்பார்கள், அதனால் நான் விதியை முதலில் சொல்வதில்லை. 8 செ.மீ. நீளத்துக்கு வெட்டிப் பாருங்கள் என்கிறேன். ஏ4 தாளைப் பாதியாக மடித்தால் நடு மடிப்பிலிருந்து விளிம்பு வரை கிட்டத்தட்ட 14.8 செ.மீ. இருக்கும். 8 செ.மீ. வெட்டி உள்ளே தள்ளி மூடினால், பெட்டியின் நுனி 16 செ.மீ. போய் வெளியே எட்டிப் பார்க்கும். ஏன் என்று அவர்களே கேட்பார்கள். மூடும்போது பெட்டி தன் நீளத்துக்கு இன்னொரு மடங்கு முன்னால் போகிறது, அதனால் வெட்டின் நீளம், நடு மடிப்பிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். கையால் செய்து பார்த்துக் கேட்கிற கேள்விக்குச் சொல்கிற பதில் மறக்காது.

படம் ஒட்டுவதற்கும் இதே கதைதான். வெட்டு 3 செ.மீ. என்றால் படத்தின் அடிப்பகுதி நடு மடிப்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி நிற்கும், மூடும்போது அங்கிருந்து விளிம்பை நோக்கிச் சாயும். ஆக, படத்தின் உயரமும் அந்த 3 செ.மீ.யும் சேர்ந்து 14.8-க்குள் அடங்க வேண்டும், நான் 11 செ.மீ.க்கு மேல் போகவே மாட்டேன். கணக்கே வேண்டாம் என்பவர்கள், படத்தைப் பெட்டியின் முன்பக்கத்தில் ஒரு சின்ன டேப் துண்டால் தற்காலிகமாக ஒட்டி, மூடி, நாலு பக்கமும் தடவிப் பாருங்கள். எதுவும் விரலில் தட்டவில்லை என்றால் நிரந்தரமாக ஒட்டலாம். அந்தச் சின்னப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

தாளைப் பற்றிக் கொஞ்சம். பயிற்சிக்கு 80 ஜிஎஸ்எம் போதும், கொடுக்கப் போகிற கார்டுக்கு 160-லிருந்து 200 ஜிஎஸ்எம் வரை எடுங்கள், அதற்குக் குறைந்தால் பெட்டி லேசாகத் தொங்கலாம். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள், மடித்து வெட்டும்போது இரண்டு தாளைச் சேர்த்து வெட்டுகிறோம், சின்னக் கைகளுக்கு 200 ஜிஎஸ்எம் இரண்டு மடங்கு என்பது ரொம்பக் கனம், குழந்தைகள் இருந்தால் 120-உடன் நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம், தாளுக்குள் நார் ஒரு திசையில் ஓடும். தாளை மடிக்காமல் இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு சுத்தமாக வரும், எதிர்த் திசையில் மடித்தால் கனமான தாள் வெடிப்பு விடும். வகுப்பில் இதைக் கண்டுபிடிக்கச் சொல்லி நேரத்தைக் கரைக்காதீர்கள், முந்தின நாளே நீங்கள் பார்த்து ஒரே திசையில் வெட்டி வைத்துவிடுங்கள். கனமான தாளை மடிப்பதற்கு முன்பு மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்தால் தாள் அந்தக் கோட்டிலேயே மடியும். இன்றைய வகுப்பில் விரல் விறைத்துப்போன ஒரு பெரியவர் நகத்துக்குப் பதிலாக ஒரு ஸ்பூனின் முதுகால் மடிப்பைத் தேய்த்தார். அவருடைய மடிப்புதான் எல்லாரையும்விடக் கூர்மையாக இருந்தது. அடுத்த வகுப்பிலிருந்து எல்லாருக்கும் ஸ்பூன்.

பசை விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து இருக்கிறது, கூட்டமாகச் செய்யும்போது தண்ணீர்ப் பதமான வெள்ளைப் பசை வேண்டாம். தாள் ஈரம் குடித்து நெளியும், அதைவிட மோசம், கசிந்த பசையோடு மூடிவிட்டால் கார்டு திறக்கவே திறக்காது. டபுள் சைட் டேப் அல்லது குச்சிப் பசை கொடுங்கள்.

சொல்லித் தருகிற விதத்துக்கு வருகிறேன். எதிரே உட்கார்ந்து செய்து காட்டாதீர்கள். எதிரே இருப்பவருக்கு உங்கள் இடது அவருடைய வலது, உங்கள் பக்கம் திறப்பது அவருக்கு மறுபக்கம் திறக்கும், அதிலேயே பாதிப் பேர் தொலைந்துபோவார்கள். ஒருவர் பக்கத்தில் போய் அவர் பார்க்கிற திசையிலேயே பார்த்துச் செய்யுங்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டுமென்றால் சார்ட் பேப்பரில் பெரிய கார்டு ஒன்று செய்து, அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேல் பிடித்துத் திறந்து மூடுங்கள், கடைசி வரிசைக்கும் தெரியும். இன்னொன்று, அவர்களுடைய கார்டில் கை வைக்காதீர்கள். நீங்கள் சரிசெய்து கொடுத்த கார்டு அவர் செய்த கார்டு ஆகாது, வீட்டுக்குப் போனால் அவரால் அதைத் திரும்பச் செய்யவும் முடியாது. நான் எப்போதும் கையில் ஒரு வெற்றுத் தாள் வைத்திருப்பேன், என் தாளில் செய்து காட்டுவேன், அவர் தாளில் அவர் செய்வார். கட்டர் கத்தி வேண்டுமென்றால் ஒரே ஒரு மேசையில், கட்டிங் மேட்டோடு, உங்கள் கண் பார்வையில் மட்டும்.

சீக்கிரம் முடிக்கிறவர்கள் சலிப்படையாமல் இருக்க ஒரு வேலை இருக்கிறது. பெட்டியை உள்ளே தள்ளி மூடிய நிலையில் அதன் புது மடிப்புகளில் மறுபடி சின்னதாக இரண்டு வெட்டு போட்டுத் தள்ளினால், பெட்டியிலிருந்து குட்டிப் பெட்டி, அதிலிருந்து இன்னொரு குட்டி என்று படிக்கட்டு மாதிரி வளரும். ஜப்பானிய கட்டடக் கலைஞர் மசாஹிரோ சதானி 1980-களின் தொடக்கத்தில் இந்த வழியை ஒரு தனிக் கலையாகவே வளர்த்தெடுத்தார், ஒரே தாள், வெட்டும் மடிப்பும் மட்டும், அதிலேயே முழுக் கட்டடங்கள் எழுந்து நிற்கும், ஒரிகாமிக் ஆர்க்கிடெக்சர் என்று பெயர். வெள்ளைத் தாள் வெறும் பயிற்சிக்குத்தானே என்று யாராவது கேட்டால் நான் இதைச் சொல்வேன். இன்று ஒரு பையன் படம் எதுவும் ஒட்டாமல் படிக்கட்டை மட்டும் வைத்து அக்காவுக்கு வாழ்த்து எழுதிக்கொண்டு போனான்.

கடைசியாக, இரண்டாம் வகுப்புக்கு வைத்திருக்கிற வி மடிப்பு. அதில் படம் தனித் துண்டு, நடுவில் ஒரு மடிப்பு, கீழே இரண்டு பக்கமும் ஒட்டுவதற்கு மடல். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் ஒட்ட வேண்டும், ஸ்கேல் வைத்து அளந்து ஒட்டினால் கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கோணல்தான் வரும். அளக்கவே வேண்டாம். படத்தின் மடிப்பு கார்டின் நடு மடிப்பைத் தொடுகிற மாதிரி வைத்து, ஒரு மடலை மட்டும் சாய்வாக ஒட்டுங்கள். மறு பாதியை அதன் மேலேயே தட்டையாக மடியுங்கள். இப்போது மேலே தெரிகிற மடலில் பசை தடவி, கார்டை மூடி அழுத்துங்கள். மறுபக்கம் எங்கே ஒட்ட வேண்டும் என்பதைக் கார்டே பார்த்துக்கொள்ளும். இதோ, மூடிவிட்டேன். ஒரு நிமிடம் கையை எடுக்காமல் வைத்திருக்கிறேன். சரி, இப்போது திறக்கிறேன், பாருங்கள்.