பில்லுக்கு ஒரு ரூபாய்

(சிறுநகர வணிகர் சங்கப் பொதுக்குழுவில் பேசியது)

தலைவர் அண்ணாச்சிக்கும், கடையை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முன்னால் சங்கம் சார்பில் என்ன செய்யலாம் என்று பேசத்தான் கூடியிருக்கிறோம். பெரிய மேடை, சினிமா நட்சத்திரம், குலுக்கலில் கார் என்றெல்லாம் யோசனை வந்தது. அதற்கு முன்னால் உங்களை விருதுநகர் வரைக்கும் கூட்டிப்போக ஆசைப்படுகிறேன்.

காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அரசாங்கம் கட்டிக்கொடுத்த பள்ளிக்கூடம் இல்லை. கடைத்தெரு கட்டியது. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரிகள் மகமை, அதாவது பொதுக் காரியத்துக்கான பங்கு, எடுத்துவைத்தார்கள். வீடுகளில் உலை வைக்கும்போது பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியாகப் போட்டுவைத்தார்கள். அந்த அரிசியும் பள்ளிக்கூடத்துக்குப் போனது. இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று: மகமையைச் சரக்கின் மேல் எடுத்தார்கள், லாபத்தின் மேல் இல்லை. லாபம் வரட்டும், பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை. வியாபாரம் மந்தமான வருஷத்திலும் ஊருக்கு ஏதோ ஒன்று சேர்ந்தது.

அந்த மகமை ஓர் உறவின்முறைக்குள், அதாவது ஒரே சாதியாரின் சங்கத்துக்குள், எடுத்தது. நம் தெருவில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் கடை வைத்திருக்கிறோம். அதனால் நாம் எடுக்கப்போகும் மகமைக்கு சாதி கிடையாது, தள்ளுவண்டிக்காரரும் அதில் உண்டு.

சரி, அந்தப் பணத்தில் என்ன செய்வது? போன தீபாவளிக்கு என் ஜவுளிக் கடையில் ஓர் அம்மா மூன்று புடவையை எடுத்து ஒதுக்கி வைத்தார். பேத்திக்குப் பாவாடை பார்த்துக்கொண்டிருந்தபோது, பிள்ளைக்கு அவசரம், கழிப்பறை எங்கே என்று கேட்டார். என்னால் கை காட்ட முடியவில்லை. பஸ் நிலையத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. புடவை மூன்றும் மேசையிலேயே கிடந்தன. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கிராமத்திலிருந்து பிள்ளைகளோடு வருகிற பெண்களை ஒரு மணி நேரம்கூட நிற்க வைக்க முடியாத கடைத்தெருவுக்கு நட்சத்திரம் வந்து என்ன ஆகப்போகிறது?

அதனால் கேட்கிறேன். தீபாவளிக்கு முந்தின மூன்று மாலை, கடைத்தெருவில் வண்டி வேண்டாம். காவல் துறையிடமும் நகராட்சியிடமும் இப்போதே மனுக் கொடுப்போம். பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு தற்காலிகக் கழிப்பறை, குடிநீர், வயசானவர்கள் உட்கார நாலு இடத்தில் பெஞ்சு. சாயங்காலம் நம் ஊர் நாதஸ்வரக்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் வாசிக்கட்டும், ஆடட்டும். அது போதும்.

அப்புறம், நடைபாதைக் கடைகள். நாம் அவர்களைப் பற்றிப் புகார் எழுதியே பழகிவிட்டோம். 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம், தெருக்கடை விஷயங்களைப் பார்க்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகள் இருக்க வேண்டும் என்கிறது. பூ வாங்க வருகிறவர்தான் பக்கத்தில் வளையலுக்கும் துணிக்கும் ஏறுகிறார். இந்த மூன்று நாளுக்கு யார் எங்கே கடை போடுவது என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி, சுண்ணாம்புக்கோடு போட்டுக்கொடுப்போம்.

பில்லுக்கு ஒரு ரூபாய் மகமை. இது என் தீர்மானம். வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டாம், நம் கல்லாவிலிருந்து எடுப்போம். கணக்கை வாராவாரம் சங்கப் பலகையில் எழுதிவிடலாம். நாளைக் காலை முதல் என் கல்லாவுக்குப் பக்கத்தில் தனி டப்பா இருக்கும். செயலாளர் தீர்மானத்தை வாசிக்கட்டும். சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்.