இரண்டாம் இடத்தில் பத்து வாரம்

நடுவர் ஐயாவுக்கும் பாளையங்கோட்டை நேயர் மன்றத்து மக்களுக்கும் வணக்கம். பொன்னாடை, மாலை, நன்றி எல்லாவற்றையும் முன்னால் பேசியவர்கள் முடித்துவிட்டார்கள். கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் வாட்சைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

லேட்டாக வந்த அண்ணாச்சிமாருக்காகத் தலைப்பை ஒருதரம் சொல்லிவிடுகிறேன். வானொலியில் வாராவாரம் பாட்டுகளை வரிசைப்படுத்திப் போடுகிறார்களே, அதில் ருசி எந்த வாரத்தில்? பாட்டெல்லாம் ஏறி இறங்கிப் புரளும் வாரத்திலா, ஒன்றுமே அசையாத மந்த வாரத்திலா? நான் மந்த வாரத்தின் கட்சி. என் உடம்பைப் பார்த்து இந்த அணியில் போட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எதிரணித் தலைவர் அண்ணாச்சி என்ன சொன்னார்? “அசையாத பட்டியலைக் கேட்கிறவன், நிலையில் நிற்கிற தேரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவன்” என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், நன்றாக இருந்தது. அந்தத் தேருக்கு அப்புறம் வருகிறேன். முதலில் ஒரு கதை.

அமெரிக்காவில் கேசி கேசம் என்று ஒரு அறிவிப்பாளர் இருந்தார். 1970 ஜூலையில் ஏழே ஏழு ஸ்டேஷனில் ‘அமெரிக்கன் டாப் ஃபார்ட்டி’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியவர். பில்போர்ட் பத்திரிகையின் பட்டியலை எடுத்துக்கொண்டு, நாற்பதில் ஆரம்பித்து ஒன்று வரை வருவார். சரியா? இப்போது 1981 நவம்பருக்கு வாருங்கள். ஒலிவியா நியூட்டன் ஜான் பாடிய ‘ஃபிசிக்கல்’ முதலிடத்தில் வந்து உட்கார்கிறது. அடுத்த வாரமே ஃபாரினர் என்ற குழுவின் ‘வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ’ இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்டது. காத்திருப்பதைப் பற்றிய பாட்டுத்தான். ஆனால் இவ்வளவு காத்திருக்க வேண்டிவரும் என்று பாடினவருக்கே தெரியாது.

டிசம்பர் பிறந்தது. ஒன்று, ஃபிசிக்கல். இரண்டு, ஃபாரினர். அடுத்த வாரம். ஒன்று, ஃபிசிக்கல். இரண்டு? பார்த்தீர்களா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். கிறிஸ்துமஸ் வந்தது. ஒன்று? இரண்டு? அதேதான்! அதற்கும் அடுத்த வாரம் இன்னும் விசேஷம். அந்தக் காலத்தில் வருடக் கடைசி வாரம் பில்போர்ட் இதழே வராது, ஆபீஸுக்கு லீவு. முந்தின வாரப் பட்டியல் அப்படியே உறைந்து நிற்கும். ஆனால் கணக்கில் அதுவும் ஒரு வாரம்! எல்லாரும் வீட்டில் கேக் தின்றுகொண்டிருக்கும்போதும் ஃபாரினர் இரண்டாம் இடத்தில் நிற்கிறார்கள். (இரண்டாம் இடம் என்றதும் எங்கள் அணியில் எனக்கு முன்னால் பேசியவரை ஏன் எல்லாரும் பார்க்கிறீர்கள்?)

1982 ஜனவரி முழுக்க இதே கதை. ஜனவரி 30. ஃபிசிக்கல் பத்து வாரம் ஆட்சி செய்து முடித்து ஒருவழியாக இறங்கியது. நாற்காலி காலி. இத்தனை நாள் வாசலில் நின்றவனுக்குத்தானே கிடைக்க வேண்டும்? கிடைக்கவில்லை. ஹால் அண்ட் ஓட்ஸ் என்று இரண்டு பேர் ‘ஐ கேன்ட் கோ ஃபார் தட்’ பாட்டோடு வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஃபாரினர்? இரண்டு! பத்தாவது வாரம். அதோடு அந்தப் பாட்டு இறங்கியது. முதலிடத்தை அது தொடவே இல்லை.

பின்வரிசையில் ஒரு பெரியவர், “என்ன வே சொல்லுதாரு?” என்று பக்கத்தில் கேட்கிறார். உங்களுக்காக ஒருதரம் சுருக்கமாகச் சொல்லுகிறேன் தாத்தா. ஒருத்தன் பத்து வாரம் வாசல்லயே நின்னான். உள்ள இருந்தவன் எந்திரிச்சுப் போனான். பக்கத்துத் தெருக்காரன் வந்து உக்காந்துட்டான்.

“அடப்பாவி” என்கிறார் தாத்தா. நடுவர் ஐயா, குறித்துக்கொள்ளுங்கள், அந்த ‘அடப்பாவி’தான் என் கட்சி. நாற்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு பாட்டு அசையாமல் நின்றதற்குப் பாளையங்கோட்டையில் ஒரு மனுஷன் வயிறு எரிகிறார். இரண்டே வாரத்தில் ஏறி முதலிடம் பிடித்து இறங்கிப் போன பாட்டுக்கு யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்களா?

இப்போது தேருக்கு வருகிறேன். அண்ணாச்சி, நீங்கள் ஆனித் தேரோட்டத்துக்கு டவுனுக்கு வந்து எத்தனை வருஷம் ஆயிற்று? டிவியில் பார்க்கிற ஆள் பேசுகிற பேச்சாக இருக்கிறதே! நெல்லையப்பர் தேரை மிஷின் வைத்தா இழுக்கிறோம்? கையால் வடம் பிடித்து இழுக்கிறோம். அது ஓடுகிறபோது உங்களுக்கு என்ன தெரியும்? முன்னால் நிற்கிறவன் தலை தெரியும். மிதிபட்ட செருப்பு தெரியும். “தள்ளு தள்ளு” என்று ஒரு போலீஸ்காரர் குரல் கேட்கும். தேர் தெரியாது.

வாகையடி முக்கில் திரும்புகிறபோது நிற்கும் பாருங்கள், அப்போதுதான் அது தேர். சறுக்குக் கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கடியில் குனிந்து நிற்பார்கள். ஆள் ஆளுக்கு யோசனை சொல்லுவார்கள், சொல்லுகிறவன் எவனும் வடத்தைத் தொட்டிருக்க மாட்டான். மோர் வரும், பானகம் வரும், சவ்வு மிட்டாய் வரும். நிமிர்ந்து பார்த்தால் மரத்தில் செதுக்கின ஒவ்வொரு பொம்மையும் கண்ணுக்குத் தெரியும். மேலப்பாளையத்துச் சிநேகிதன் தட்டுப்படுவான். “ஏ, இது யாரு, ஒம் மவளா? இம்புட்டு வளந்துட்டாளா?” என்று ஒரு ஆச்சி கேட்பாள். அந்த வாகையடி முக்கில் தேர் நின்ற நேரத்தில் பேசி முடித்த கல்யாணங்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். இருக்கிறதா? அந்தா, மூணாவது வரிசையில் ஒரு அக்கா தலையைக் குனிகிறார்கள். தேர் ஓடியே போயிருந்தால் அந்த அக்காவுக்குக் கல்யாணம் ஏது?

பட்டியலும் அதேதான். பாட்டுகள் புரளும் வாரத்தில் அறிவிப்பாளருக்கு வேலை இல்லை, எண்ணைப் படித்தாலே போதும். அசையாத வாரத்தில்தான் அவர் வாயைத் திறந்து கதை சொல்லியாக வேண்டும். போன வாரம் சொன்னதையே சொன்னால் ஆட்கள் ஸ்டேஷனை மாற்றிவிடுவார்கள். கேசம் விளம்பர இடைவேளைக்கு முன்னால் ஒரு புதிர் போட்டுவிட்டுப் போவார், விடை விளம்பரம் முடிந்த பிறகுதான். 1978இல் நிகழ்ச்சி மூன்று மணியிலிருந்து நான்கு மணி ஆனது. அதே வருஷம் தூரத்தில் இருக்கிறவர்களுக்குப் பாட்டுக் காணிக்கை என்று கடிதம் படிக்கவும் தொடங்கினார். பட்டியலில் இல்லாத பாட்டுக்கும் அங்கே இடம் உண்டு.

நம் பக்கத்தில் அமீன் சயானி, இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்திச் சொன்ன அறிவிப்பாளர். 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் ‘பிநாகா கீத்மாலா’ ஆரம்பம், புதன்கிழமை ராத்திரி எட்டு மணி. ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குக் கேஸ்கர் மந்திரி கதவைச் சாத்தின காலம் அது. ஒரு வேடிக்கை பாருங்கள். கேசம் பிறந்ததும் 1932, சயானி பிறந்ததும் 1932. இரண்டு பேருமே குரலை வைத்து மந்த வாரத்தைக் கரையேற்றினவர்கள்.

“இப்போது கணக்கு துல்லியமாகிவிட்டது, இனி மந்த வாரத்துக்கு இடம் ஏது” என்று எதிரணித் தம்பி ஒருவர் கேட்டார். தம்பி, உல்டாவாகச் சொல்லுகிறீர்கள். முன்பெல்லாம் கடைக்காரரையும் ஸ்டேஷன்காரரையும் கேட்டு எழுதினார்கள். 1991 நவம்பர் கடைசியில் பில்போர்ட்டின் பெரிய பட்டியல் நிஜ விற்பனைக் கணக்குக்கும் ஒலிபரப்புக் கணக்குக்கும் மாறியது. அதன் பிறகு பாட்டுகள் இன்னும் கூடுதல் வாரம் நிற்க ஆரம்பித்தன. 2019இல் ‘ஓல்ட் டவுன் ரோட்’ 19 வாரம் முதலிடத்தில் நின்றது. சனங்களுக்குப் பிடித்த பாட்டை அவ்வளவு சீக்கிரம் விட மனசில்லை, அவ்வளவுதான்.

நடுவர் ஐயா மணியைத் தடவுகிறார். ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முக்கூடலில் எனக்கு ஒரு அத்தை. பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டு, கையில் கத்தரி, பக்கத்தில் சின்ன ரேடியோ. மகன் துபாய்க்குப் போன வாரம், அவனுக்குப் பிடித்த ஒரு பாட்டு எஃப்.எம். வரிசையில் ஆறாம் இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கையை நிறுத்திவிட்டு ஆறாம் இடத்துக்குக் காத்திருப்பாள். மகன் போனில் முதலில் கேட்பது சாப்பாட்டைப் பற்றி இல்லை. “எம்மா, அந்தப் பாட்டு இருக்கா?” “இருக்குல, அதே எடத்துலதான் இருக்கு.” அது ஏறினால் அவளுக்குச் சந்தோஷம் இல்லை, இறங்கினால் பயம். ஆறிலேயே கிடந்தால் நிம்மதி, ஊரில் எல்லாம் அவன் விட்டுப் போனபடி இருக்கிறது என்று.

ஒரு ஞாயிறு அந்தப் பாட்டு வரிசையிலேயே வரவில்லை. நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். ரேடியோவை அமர்த்திவிட்டு இலையை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். ராத்திரி போன் வந்தது. “எம்மா, பாட்டு இருக்கா?”

“இருக்குல. அதே எடத்துலதான் இருக்கு.”

மகன் லீவில் வருகிறவரைக்கும் அந்தப் பாட்டை அவள் இறக்கவே இல்லை ஐயா.

எதிரணி அண்ணாச்சி ஒருநாள் முக்கூடலுக்கு வரட்டும். அந்த அத்தை முன்னால் உட்கார்ந்து, அசையாத வாரத்தில் என்ன இருக்கிறது என்று அவளிடமே கேட்கட்டும். பஸ் செலவு என்னுடையது. அத்தை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டாள், கூட்டாஞ்சோறு ஆக்கிப் போடுவாள். அடிச்சிட்டீங்களா மணியை? சரி ஐயா, வணக்கம்.