சர்வீஸுக்குப் பின் நின்றுபோகும் டிராக்டர்

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் வடகரையில், டொங்காட்டிலும் ஸ்டாங்கரிலும் (இன்றைய குவாடுகுசா) கரும்பு பயிரிடும் நம் குடும்பங்களுக்கு ஆலை ஓடும் மாதங்களில் டிராக்டர் ஒரு நாள் நின்றாலும் நட்டம்தான். எரித்து வெட்டிய கரும்பு வயலில் கிடக்கக் கிடக்கச் சர்க்கரை குறைகிறது. விலையோ அந்தச் சர்க்கரையைப் பொறுத்தது. இந்த நிலையில், நேற்றுவரை நன்றாக ஓடிய வண்டி சர்வீஸ் முடிந்த மறுநாள் நின்றுவிட்டால், நாம் உடனே பெரிய பழுதென்று கலங்கிவிடுகிறோம்.

எங்கள் மாமாவின் டிராக்டருக்கு ஒருமுறை நானே டீசல் ஃபில்டர் மாற்றினேன். மறுநாள் பத்து நிமிடம் ஓடி, பாரத்தோடு மேட்டில் ஏறும்போது திணறி நின்றது. சற்று நேரம் விட்டுக் கிளப்பினால் ஓடும், மீண்டும் நிற்கும். டீசலை மிகுந்த அழுத்தத்தில் எஞ்சினுக்கு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்புதான் கெட்டுவிட்டதென்று முடிவுசெய்து, அதைக் கழற்றி டர்பனுக்கு அனுப்பினோம். பணம் செலவானது, நான்கு நாள் போனது, வண்டி அப்படியேதான் நின்றது. கடைசியில் பார்த்தால், டாங்கியிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பின் மேலிருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவி மாட்டியபோது அதன் வளையம் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தத் தவறு என்னுடையது.

ஒரு சொட்டு டீசல்கூடச் சிந்தாததால்தான் நாங்கள் ஏமாந்தோம். டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடைப்பட்ட பகுதி உறிஞ்சும் பகுதி. டாங்கியில் டீசல் குறைவாக இருக்கும்போது அங்கே இணைப்பு தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டீசலை எஞ்சினுக்குள் பீச்சும் இன்ஜெக்டர் திறக்கக் காற்றழுத்தத்தைப் போல 100 மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தம் வேண்டும். டீசல் அந்த அழுத்தத்தை ஏற்றுக் கடத்தும்; காற்றோ சுருங்கி அதை விழுங்கிவிடும். ஃபீட் பம்பைத் தாண்டிய இணைப்புகளில் கசிவு இருந்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே முதலில் கைபட்ட இடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பாருங்கள். பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் புதியது ஏறியிருக்கலாம். பழைய செம்பு வாஷரையே மீண்டும் போட்டிருக்கலாம். டாங்கியின் டீசலைத் திறந்து மூடும் குழாய் முழுதும் திறந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். டாங்கி மூடியைத் தளர்த்தும்போது காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. கரும்புகை வந்தால் ஏர் ஃபில்டரைக் கவனியுங்கள்.

பின்பு டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஃபில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, நுரையில்லாத டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகிலும் அவ்வாறே செய்யுங்கள். கைப்பிடி பிடிப்பின்றி ஆடினால் பம்பு கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். உள்ளே பம்பை இயக்கும் கேம் தூக்கிய நிலையில் நின்றிருக்கும், எஞ்சினைச் சிறிது சுற்றினால் சரியாகிவிடும். அப்படியும் கிளம்பாவிட்டால், இன்ஜெக்டர் குழாய்களின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். 15 விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றாமல் ஓய்வு கொடுங்கள். அங்கே கைவிரலால் மட்டும் தொட்டுப் பார்க்காதீர்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சிறு காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது அது.

சர்வீஸ் முடிந்த அன்று மாலையே பாரம் ஏற்றி அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, கழற்றி மாட்டிய இணைப்புகளைத் துணியால் துடைத்து வையுங்கள். காலையில் வயலுக்குப் புறப்படுமுன் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள்.